யாருக்கும் பொறுப்பில்லாத இடங்கள்: பள்ளி வன்முறையைத் தடுக்கப் புதிய ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

ஆசிரியப் பணியில் புதிதாகச் சேர்கிறவருக்குப் பாடம் நடத்துவது எப்படி, விடைத்தாள் திருத்துவது எப்படி என்பதற்கெல்லாம் பயிற்சி கிடைத்திருக்கும். இரண்டு மாணவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கும்போது முதலில் யாரிடம் பேச வேண்டும், மூன்று வாரமாக வாய் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சிறுமியிடம் எதைக் கேட்பது என்பதையோ பெரும்பாலும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அந்தக் குறையை ஓரளவு நிரப்புவதே இந்த வழிகாட்டியின் நோக்கம். ஓர் ஆசிரியர் தனியாகத் தொடங்கிவிடக்கூடிய வேலைகளும் பள்ளி முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகளும் இதில் கலந்தே வருகின்றன. நடைமுறையில் அவற்றைப் பிரித்து வைக்க முடிவதில்லை.

முதற்படி: எது வன்முறை என்று அடையாளம் காணுதல்

பள்ளி வன்முறை என்றதும் அடிதடிதான் நினைவுக்கு வருகிறது. அடிதடி கண்ணுக்குத் தெரிவதால் அதற்கு உடனே கவனமும் கிடைத்துவிடுகிறது. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுதல், உடலையோ நிறத்தையோ பேச்சையோ பிறப்பையோ சொல்லிக் கேலி செய்தல், ஒருவரை மட்டும் கூட்டத்திலிருந்து ஒதுக்கி வைத்தல், பொருளைப் பிடுங்கி ஒளித்து வைத்தல், விரும்பாத தொடுதல், கைப்பேசி வழியே இழிவுபடுத்துதல் ஆகியவையும் வன்முறையே. ஆசிரியரோ பிற ஊழியரோ மாணவரை அடிப்பதும் அவமானப்படுத்துவதும் இந்தப் பட்டியலுக்குள்தான் வர வேண்டும். 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் மாணவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், முந்தைய ஒரு மாதத்துக்குள் ஒருமுறையேனும் சக மாணவர்களால் கொடுமைப்படுத்தப்பட்டிருக்கிறார். அப்படியானால் 36 பேர் இருக்கும் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேரிடம் சொல்ல ஒரு கதை இருக்கக்கூடும்.

சண்டை வேறு, தொடர் கொடுமை வேறு என்பதை முதலிலேயே பிரித்தறிந்துகொள்வது மிக முக்கியம். இத்துறையின் முன்னோடி ஆய்வாளரான டான் ஓல்வியஸ் தந்த மூன்று அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன: வேண்டுமென்றே செய்யப்படுவது, திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் இடையே வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது. வலிமை என்பதை உடல் வலிமை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நண்பர் கூட்டத்தின் எண்ணிக்கை, வயது, நாவன்மை, செல்வாக்கு, மற்றவரின் ரகசியத்தைத் தெரிந்து வைத்திருத்தல் எல்லாமே வலிமைதான். சமமான இருவர் பந்துக்காகச் சண்டையிட்டால் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் செய்து சமாதானம் செய்துவைக்கலாம். தொடர் கொடுமையில் அதே வழியைக் கையாண்டால், பாதிக்கப்பட்டவரைத் துன்புறுத்துபவரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு" என்று சொன்னதாகிவிடும். புதிய ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் பிழைகளில் இதைவிடக் கெடுதலான வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் படி: காரணங்களைச் சரியான இடத்தில் தேடுதல்

"அவன் வீடு சரியில்லை" என்ற ஒரு வரியோடு ஆசிரியர் அறையில் பல விசாரணைகள் முடிந்துவிடுகின்றன. வீட்டில் அடிவாங்கும் அல்லது அடியைப் பார்த்து வளரும் குழந்தை அதே வழியைக் கற்றுக்கொள்ள வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அந்த வீட்டை ஆசிரியரால் மாற்ற முடியாது, பள்ளிக்குள் இருக்கும் காரணங்களை மாற்ற முடியும். ஆகவே நம் கைக்கு எட்டும் காரணங்களிலிருந்து தொடங்குவதே பயனுள்ளது.

அவற்றுள் முதலாவது, கூட்டத்தில் கிடைக்கும் மதிப்பு. துன்புறுத்தும் மாணவர்கள் எல்லோரும் தன்னம்பிக்கை இழந்தவர்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அவர்களில் கணிசமானோர் வகுப்பில் செல்வாக்குள்ளவர்களாக இருப்பதையும், அந்தச் செல்வாக்கைத் தக்கவைத்துக்கொள்ளவே எளிய ஒருவரைத் தேர்ந்தெடுப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. பின்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சல்மிவல்லி 1996ஆம் ஆண்டு தம் சகாக்களுடன் வெளியிட்ட ஆய்வு, கொடுமையில் இருவருக்கு மட்டுமே பங்கு உண்டு என்ற பார்வையை மாற்றியது. துணைக்குக் கைகொடுப்பவர், சிரித்து ஊக்கமூட்டுபவர், கண்டும் காணாமல் விலகிப்போபவர், பாதிக்கப்பட்டவருக்காகப் பேசுபவர் என்று வகுப்பு முழுவதுக்கும் அதில் பங்கு இருப்பதை அது எடுத்துக்காட்டியது. சிரிப்பவர்கள் இல்லையென்றால் கேலிக்கு மேடை இல்லை.

இரண்டாவது, அவமானம். பாடம் புரியாத மாணவர் நாள்தோறும் எல்லோர் முன்னிலையிலும் மட்டம் தட்டப்பட்டால், இழந்த மரியாதையை இடைவேளையில் வேறொருவரிடமிருந்து பறிக்கப் பார்ப்பார். மதிப்பெண் வரிசைப்படி இருக்கையை மாற்றும் வழக்கமும், "உன் தம்பிக்கு இருக்கும் அறிவு உனக்கு இல்லையே" என்ற ஒப்பீடும், விளையாட்டு அணிக்கு ஆள் பொறுக்கும்போது எப்போதும் கடைசியாக நிற்க வைக்கப்படுவதும் சின்ன விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் வகுப்பில் யார் மேல், யார் கீழ் என்ற ஏணியைக் கட்டித் தருபவை அவைதாம்.

மூன்றாவது, பெரியவர்களின் கை. பிரம்பு வைத்திருக்கும் ஆசிரியரிடமிருந்து மாணவர்கள் கற்கும் முதற்பாடம், வலியவர் எளியவரை அடிக்கலாம் என்பதே. இதற்கு மறுபக்கமும் உண்டு. உகாண்டாவின் லுவேரோ மாவட்டத்தில் 42 தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தப்பட்டு, அதன் முடிவுகள் 2015ஆம் ஆண்டு வெளியாயின. தண்டனைக்கு மாற்று வழிகள், மாணவர் பங்கேற்பு, பள்ளிச் சூழலை மாற்றுதல் ஆகியவற்றைச் சேர்த்துச் செயல்படுத்திய பள்ளிகளில், ஊழியர்களால் மாணவர்கள் முந்தைய வாரத்தில் அடிபட்டிருக்கும் வாய்ப்பு, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிடும்போது 42 விழுக்காடு குறைந்திருந்தது. "இங்கே பிரம்பு இல்லாமல் நடக்காது" என்று சொல்லும் மூத்த சகாவிடம் எடுத்துச் சொல்ல இது தக்க சான்று.

நான்காவதுதான் இந்த வழிகாட்டியின் மையம்: பள்ளியில் எவருடைய பொறுப்பிலும் விடப்படாத இடங்களும் நேரங்களும்.

மூன்றாம் படி: வரைபடம் தயாரித்தல்

அமெரிக்க ஆய்வாளர் ரான் ஆவி ஆஸ்டரும் அவருடைய சகாக்களும் உயர்நிலைப் பள்ளிகளின் வரைபடங்களை மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் கொடுத்து, வன்முறை நடந்த இடங்களைக் குறிக்கச் சொன்னார்கள். 1999ஆம் ஆண்டு வெளியான அந்த ஆய்வில், குறிகள் நடைவழி, உணவுக்கூடம், வாகன நிறுத்தம் போன்ற சில இடங்களில் குவிந்தன. அந்த இடங்களில் பெரியவர்கள் இருப்பது அரிது, இருந்தாலும் அதைத் தம் பொறுப்பாக அவர்கள் கருதவில்லை. வகுப்பறைக்குள் நடப்பதற்கு நான் பொறுப்பு, வெளியே நடப்பதற்கு வேறு யாரோ பொறுப்பு என்ற மனப்பான்மையில்தான் அந்த இடங்கள் உருவாகின்றன.

இதே முறையை எந்த ஆசிரியரும் ஒரே பாடவேளையில் செய்துவிடலாம். பள்ளியின் எளிய வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து படியெடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறை, படிக்கட்டு, குடிநீர்க் குழாய், வாயில், பேருந்து நிற்கும் இடம், கட்டடத்தின் பின்புறம் எதுவும் விடுபடக் கூடாது. ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு தாளைக் கொடுத்து, தங்களுக்குப் பயமாகவோ சங்கடமாகவோ இருக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறியும், அதன் பக்கத்தில் எந்த நேரம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் எழுத வேண்டாம், யார் செய்கிறார்கள் என்றும் எழுத வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பெயர் கேட்கும் கணத்திலேயே பாதிப் பேர் வெற்றுத்தாளைத் தந்துவிடுவார்கள். எல்லோருக்கும் ஒரே நிறப் பேனா இருப்பது நல்லது. குறி போட விரும்பாதவர் தனித்துத் தெரியாதிருக்க, எழுத எதுவும் இல்லாதவர்கள் தங்களுக்குப் பிடித்த இடத்தில் ஒரு வட்டம் போடலாம் என்று சொல்லிவிடுங்கள். எல்லோர் கையும் அசைந்துகொண்டிருக்கும்.

தாள்களை மாணவர்கள் இல்லாத நேரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே படத்தில் சேர்க்கும்போது, குறிகள் மூன்று நான்கு இடங்களில் மொய்ப்பதைக் காணலாம். அந்த இடங்களில் ஒன்று ஆசிரியர் அறைக்கு அடுத்த சுவராக இருந்தாலும் வியப்பதற்கில்லை.

அந்த இடங்களை நிரப்புவதே அடுத்த வேலை. மணியடித்தபின் மூன்று நிமிடம் கழித்து வகுப்புக்கு வருவதற்குப் பதிலாக மணியடிக்கும்போதே வாசலில் நின்றிருந்தால், நடைவழியும் வகுப்பறையும் ஒரே நேரத்தில் கண்ணில் படும். தனி ஆசிரியர் செய்யக்கூடியவற்றுள் இதுவே மிகவும் மலிவான தடுப்பு. மற்றவை தலைமையாசிரியரின் ஒப்புதலோடு நடக்க வேண்டியவை: இடைவேளைக் கண்காணிப்புக்கு முறை வைத்தல், சிறு வகுப்பினருக்கும் மேல் வகுப்பினருக்கும் இடைவேளையைப் பத்து நிமிட இடைவெளியில் தனித்தனியே வைத்தல், கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்தல், இருட்டான படிக்கட்டுக்கு விளக்குப் போடுதல். கண்காணிப்பு என்றால் மூலையில் நாற்காலி போட்டு உட்காருவதல்ல. நடந்துகொண்டே, பெயர் சொல்லி அழைத்து இரண்டு வார்த்தை பேசிக்கொண்டு போவதுதான் கண்காணிப்பு. காவலாளிகளையும் துப்புரவுப் பணியாளர்களையும் இதில் மறக்கக் கூடாது. பள்ளியில் எங்கே என்ன நடக்கிறது என்பது ஆசிரியர்களைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும், ஆனால் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

நான்காம் படி: வகுப்பின் அன்றாட ஒழுங்கை அமைத்தல்

முதல் இரண்டு வாரத்துக்குள் எல்லா மாணவர்களின் பெயரையும் கற்றுக்கொள்ளுங்கள், அவர்கள் விரும்பும் உச்சரிப்பிலேயே சொல்லுங்கள். வகுப்பில் புழங்கும் பட்டப்பெயரை நகைச்சுவைக்காகக்கூட ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டால் அது அங்கீகரிக்கப்பட்ட பெயராகிவிடும். விதிகள் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். அவற்றை மாணவர்களோடு பேசி முடிவு செய்வதும், "செய்யாதே" என்பதைவிட "இப்படிச் செய்வோம்" என்ற வடிவில் எழுதுவதும் நல்லது. குழு பிரிக்கும் பொறுப்பை ஆசிரியரே வைத்துக்கொள்ள வேண்டும், மாணவத் தலைவர்களிடம் விட்டால் ஒதுக்கப்பட்டவர்கள் ஒவ்வொரு முறையும் எல்லோர் பார்வையிலும் ஒதுக்கப்படுவார்கள்.

ஐந்தாம் படி: நடந்துகொண்டிருக்கும்போது தலையிடுதல்

அடிதடியைக் கண்டதும் இடையில் பாய்வது இயல்பான உந்துதல், ஆனால் பெரும்பாலும் அது தவறான முடிவு. முதலில் உரத்த குரலில் இருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "நிறுத்து, பின்னால் போ" என்பது போன்ற சிறு கட்டளைகளைக் கொடுங்கள். பெயர் காதில் விழுந்தவுடன் சிலர் நின்றுவிடுவார்கள். அடுத்து வேடிக்கை பார்ப்பவர்களைக் கலைத்து, ஒருவரிடம் குறிப்பிட்ட ஆசிரியரின் பெயரைச் சொல்லி அழைத்து வரச் செய்யுங்கள். பார்வையாளர் இல்லாத சண்டையின் வேகம் விரைவில் தணியும், தோற்றுப்போக இருப்பவருக்கும் விலகிப்போக வழி கிடைக்கும். உங்களைவிடப் பெரிய உடல்வாகு கொண்டவர்களிடையே தனியாக உடலால் நுழைய வேண்டாம். கையில் ஆயுதம் இருந்தால் மற்ற மாணவர்களை அப்புறப்படுத்தி உதவியை அழைப்பதே முதல் வேலை.

பிரிந்த பின் இருவரையும் வெவ்வேறு அறைகளில் உட்காரவைத்து, காயம் உண்டா என்று பாருங்கள், தண்ணீர் கொடுங்கள். கொதிப்பு அடங்கச் சற்று நேரமாகும். அதற்குள் செய்யும் விசாரணையில் உண்மை கிடைக்காது. பேசத் தொடங்கும்போது "ஏன் செய்தாய்?" என்பதைத் தவிர்த்து "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். முன்னது தற்காப்பை வரவழைக்கும், பின்னது வரிசைப்படி சொல்ல வைக்கும். தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் பயன்படுத்திய சொற்களிலேயே, நாள், நேரம், இடம், உடனிருந்தவர் என்று அன்றே எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே மாணவர் பெயர் மூன்றாவது முறை வரும்போது, இது தனிச் சம்பவமா தொடரா என்பதை உங்கள் நினைவாற்றல் சொல்லாது, குறிப்பேடுதான் சொல்லும்.

பாதிக்கப்பட்டவர் "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கேட்டால் அந்த வாக்குறுதியைத் தரக் கூடாது. உன்னைப் பாதுகாக்கத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உனக்குத் தெரிவிப்பேன் என்று சொல்லலாம். "நீ ஏன் திருப்பி அடிக்கவில்லை?", "அதைக் கண்டுகொள்ளாதே" என்ற இரண்டும் காதில் விழுந்தால் அந்த மாணவர் மறுமுறை உங்களிடம் வரமாட்டார். பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு மாணவர் சொல்ல முன்வந்தால், சொல்வதைக் கேட்டு நன்றி கூறி, துருவித் துருவிக் கேட்காமல், சட்டப்படி தகவல் தர வேண்டிய இடத்துக்கு அன்றே கொண்டுசெல்ல வேண்டும். தாமே விசாரித்து உறுதி செய்துகொண்டு பிறகு சொல்லலாம் என்று நினைப்பது வழக்கையும் கெடுக்கும், குழந்தையையும் மறுபடி நோகடிக்கும்.

ஆறாம் படி: செய்தவரோடு வேலை செய்தல்

உடனடியாக இடைநீக்கம் செய்து வீட்டுக்கு அனுப்புவது பெற்றோரையும் ஆசிரியர்களையும் திருப்திப்படுத்தும். ஆனால் சிறு மீறலுக்கும் ஒரே கடுந்தண்டனை என்ற அணுகுமுறையை மதிப்பிட்ட அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு, அது பள்ளிகளைப் பாதுகாப்பானவையாக்கியதற்குச் சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தது. பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட மாணவருக்குப் பாடத்தில் பின்னடைவு கூடும், பள்ளியோடு இருந்த பிணைப்பு குறையும். அதனால் செய்கைக்கு விளைவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விளைவு உறுதியாகவும் முன்பே சொன்னபடியும் இருக்க வேண்டும், செய்ததோடு தொடர்புள்ளதாகவும் இருக்க வேண்டும்: உடைத்ததைச் சரிசெய்வது, பறித்ததைத் திருப்பித் தருவது, சில நாட்களுக்கு இடைவேளையை வேறிடத்தில் கழிப்பது போன்றவை. பெற்றோரை அழைக்கும்போது குற்றப்பத்திரிகையாகத் தொடங்காமல், எழுதி வைத்த நிகழ்வுகளை அப்படியே படித்துக்காட்டி, அடுத்த இரண்டு வாரத்துக்கு என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்பது பலன் தரும். வீட்டில் அடி விழும் என்று தெரிந்தால் அந்தச் சந்திப்பை ஆலோசகரையோ மூத்தவரையோ உடன் வைத்துக்கொண்டு நடத்த வேண்டும்.

ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் பாதிக்கப்பட்டவரைத் தனியே சந்தித்துக் கேட்பதற்கான நாட்களை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். பெரும்பாலான பள்ளிகளில் தவறுவது இந்தப் படிதான்.

ஏழாம் படி: வேடிக்கை பார்ப்பவர்களைத் தயார் செய்தல்

கனடாவில் விளையாட்டுத் திடல்களைப் படமெடுத்து ஆராய்ந்து 2001ஆம் ஆண்டு வெளியிட்டவர்கள், கொடுமை நிகழ்ந்த தருணங்களில் 88 விழுக்காட்டில் சக மாணவர்கள் உடனிருந்ததையும், 19 விழுக்காட்டில் மட்டுமே அவர்கள் தலையிட்டதையும் கண்டார்கள். அப்படித் தலையிட்டவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை, 57 விழுக்காடு, பத்து வினாடிக்குள் பலன் தந்தன. எனவே மாணவர்களிடம் வீரத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சிரிக்காமல் இருப்பது, பாதிக்கப்பட்டவரை "வா, போகலாம்" என்று அழைத்துக்கொண்டு நகர்வது, பிறகு அவரோடு உட்காருவது, பெரியவரிடம் சொல்வது ஆகிய நான்கையும் வகுப்பில் நடித்துப் பார்க்க வைத்தால் போதும்.

கோள் சொல்வதற்கும் உதவி கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லித் தர வேண்டும். ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது கோள். ஒருவரை ஆபத்திலிருந்து மீட்பதற்காகச் சொல்வது உதவி. இந்த வேறுபாடு உயிர் காக்கக்கூடியது. அமெரிக்காவில் 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 திட்டமிட்ட தாக்குதல்களை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அரசு அறிக்கை, 81 விழுக்காடு நிகழ்வுகளில் தாக்குபவரின் எண்ணமோ திட்டமோ குறைந்தது ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததாகச் சொல்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சக வயதினர். தாக்குபவர் இப்படித்தான் இருப்பார் என்று வரைந்து காட்டத்தக்க ஒரே வகை ஆள் இல்லை என்றும் அதே அறிக்கை கூறியது. ஆகவே ஆடையையோ அமைதியையோ வைத்து ஒரு மாணவரைச் சந்தேகிப்பதில் பயனில்லை. "நாளைக்குப் பார், என்ன நடக்கும்" என்பது போன்ற பேச்சு காதில் விழுந்தால் விளையாட்டென்று ஒதுக்காமல் அன்றே மேலே தெரிவியுங்கள்.

கைப்பேசி வழி வன்முறைக்கும் இதே விதிகள்தாம். ஒரு மாணவரின் அந்தரங்கப் படம் பரவுவதாகத் தெரிந்தால் அதைப் பார்க்கவோ, உங்கள் கைப்பேசியில் சேமிக்கவோ, சான்றுக்கென்று யாருக்கும் அனுப்பவோ கூடாது என்பதை மட்டும் கூடுதலாக நினைவில் கொள்ளுங்கள். அது பல இடங்களில் குற்றம்.

எட்டாம் படி: சக ஆசிரியர் அடிக்கும்போது

புதியவருக்கு மிகவும் கடினமான படி இது. 1989ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, பள்ளி ஒழுங்கு குழந்தையின் மனித மாண்புக்கு ஒத்த முறையில் நடத்தப்பட வேண்டும் என்கிறது. 19ஆம் பிரிவு எல்லாவகை உடல், மன வன்முறையிலிருந்தும் பாதுகாப்பைக் கோருகிறது. சட்டம் பக்கபலமாக இருந்தாலும், இருபது ஆண்டு அனுபவமுள்ளவரை மாணவர்கள் முன்னால் திருத்துவது பகையைத்தான் வளர்க்கும். அந்த நேரத்தில், "இவரை நான் கொஞ்சம் அழைத்துக்கொண்டு போகிறேன்" என்று மாணவரை அங்கிருந்து விலக்குங்கள். பிறகு அந்த ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். அடிப்பவர்களில் பலர் ஐம்பது அறுபது பேரை அடக்கி வைக்க வேறு வழி கற்காதவர்கள். காயம் ஏற்பட்டாலோ மீண்டும் நடந்தாலோ எழுத்தில் தலைமையாசிரியருக்குத் தெரிவித்து, அதன் நகல் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். சகா என்ற உறவு அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

ஒன்பதாம் படி: அளந்து பார்த்தல்

2019ஆம் ஆண்டு வெளியான ஒரு விரிவான தொகுப்பாய்வு, தடுப்புத் திட்டங்கள் கொடுமை செய்வதைச் சுமார் 19 முதல் 20 விழுக்காடும், கொடுமைக்கு உள்ளாவதைச் சுமார் 15 முதல் 16 விழுக்காடும் குறைப்பதாகக் கணித்தது. அதிசயம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்கும், முயற்சி வீண் போகாது என்பதற்கும் இந்த எண்களே சான்று. பருவத்துக்கு ஒருமுறை, பெயரில்லாத நான்கு கேள்விகள் போதும்: கடந்த ஒரு மாதத்தில் உனக்கு இப்படி நடந்ததா, வேறொருவருக்கு நடப்பதைப் பார்த்தாயா, யாரிடமாவது சொன்னாயா, சொன்னபின் ஏதேனும் மாறியதா. கடைசிக் கேள்விக்கான பதில்தான் பள்ளியின் உண்மையான மதிப்பெண்.

முதல் சில மாதங்களில் புகார்களின் எண்ணிக்கை கூடும், அதைக் கண்டு நிர்வாகம் பதறும். வன்முறை பெருகியதால்தான் எண்ணிக்கை கூடியது என்று முடிவு கட்டிவிட முடியாது. சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை வந்ததாலும் அது கூடும். இதைத் தலைமையாசிரியரிடம் திட்டம் தொடங்கும் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஆண்டின் இறுதியில் அதே வரைபடத்தாளை அதே வகுப்புக்கு மறுபடி கொடுத்து, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறிகள் குறைந்த இடத்தையும், அவை இடம் மாறிப் போய்ச் சேர்ந்த புது மூலையையும் அது காட்டும். அடுத்த ஆண்டின் கண்காணிப்பு முறையை அந்தப் புது மூலையிலிருந்து எழுதத் தொடங்கலாம்.